ஆர்டரைக் கெடுப்பது இங்கிலீஷா, ‘பண்ணிடலாங்க’வா? பல்லடத்திலிருந்து ஒரு பிரசன்டேஷன் பாடம்

“ஏன்டி, வியாழக்கிழமை மூணு மணிக்கு எனக்குப் பிரசன்டேஷன். முழுக்க இங்கிலீஷ்ல. நீதான் மீடியா படிச்சவளாச்சே, ஏதாவது சொல்லு.”

போன மாதம் ஒரு ராத்திரி பதினோரு மணிக்கு வந்த வாய்ஸ் நோட் இது. அனுப்பியவள் என் பள்ளித் தோழி. பல்லடம் பக்கத்தில் ஒரு நெசவு நிறுவனத்தில் மெர்ச்சண்டைசர். பின்னணியில் தறி ஓடும் சத்தம். எங்கள் ஊரிலிருந்து அந்தச் சத்தம் இல்லாமல் ஒரு வாய்ஸ் நோட் வந்தால்தான் ஆச்சரியம்.

அவளுடைய நிறுவனம் இத்தனை வருடமாக கரூர், ஈரோடு ஏற்றுமதியாளர்களுக்குத் துணி நெய்து கொடுத்து வந்தது. இப்போது முதல் முறையாக ஓர் ஐரோப்பிய பையரிடம் நேரடியாகப் பேசப் போகிறது. முதலாளிக்குத் துணியை விரலால் தொட்டாலே அது எத்தனை ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் எத்தனை கிராம் எடை என்று சொல்லத் தெரியும். ஆனால் இங்கிலீஷ் வராது. ஆகவே 15 நிமிடம் பேச வேண்டிய பொறுப்பு இவள் தலையில்.

இந்த மாதிரி ஃபோன் இப்போது பல பேருக்கு வருகிறது. 2025 ஆகஸ்ட் 27-ல் இந்தியப் பொருட்கள் மீது அமெரிக்காவின் 50 சதவீத வரி அமலுக்கு வந்தபோது, திருப்பூர் வட்டாரம் ஆடிப்போனது நினைவிருக்கும். திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதியில் சுமார் மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதற்கு ஒரு மாதம் முன்பு, ஜூலை 24-ல், இந்தியாவும் பிரிட்டனும் வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தன. ஒரு கதவு இறுகுது, இன்னொரு கதவு திறக்குது. புதுக் கதவு என்றால் புது பையர், புது பையர் என்றால் புது மீட்டிங். அந்த மீட்டிங்கில் யாராவது ஒருத்தர் எழுந்து நின்று இங்கிலீஷில் பேசியாக வேண்டும். பெரிய ஏற்றுமதி நிறுவனங்களில் அதற்கு ஆள் இருக்கிறார்கள். நாற்பது தறி வைத்திருப்பவரிடம் இருப்பது ஒரு மெர்ச்சண்டைசர்.

“கிராமர் தப்பாயிடுமோன்னு பயமா இருக்குடி” என்றாள். அவள் பயந்தது சரியான விஷயத்துக்குத்தானா என்று தேடிப் பார்த்ததில் கிடைத்ததுதான் இந்தக் கட்டுரை.

நாலு பக்கம் மனப்பாடம், ஒரு கேள்வியில் காலி

முதலில் என் கதை. இந்த டெஸ்க்குக்கு வருவதற்கு முன் வேறொரு இடத்தில் வேலை பார்த்தேன். பெயர் வேண்டாம். சேர்ந்த மூன்றாவது வாரம், ஒரு புது வீடியோ தொடருக்கான யோசனையை மேலதிகாரிகள் முன்னால் இங்கிலீஷில் சொல்லச் சொன்னார்கள். நான் பத்தாவது வரை தமிழ் மீடியம். ஆகவே எனக்குத் தெரிந்த ஒரே வழியில் தயாரானேன். நாலு பக்கம் எழுதி, வரி விடாமல் மனப்பாடம்.

முதல் இரண்டு ஸ்லைடு நன்றாகத்தான் போனது. மூன்றாவதில் ஒருவர் கையை உயர்த்தி, “ஸோ, வாட் டு யூ வான்ட் அஸ் டு டூ?” என்று கேட்டார். ‘நாங்க என்ன பண்ணணும்னு எதிர்பார்க்கறீங்க?’ அவ்வளவுதான் கேள்வி. எனக்கு வார்த்தை வரவில்லை. பல நாள் அதை என் இங்கிலீஷின் தோல்வி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் அந்தக் கேள்வியைத் தமிழில் எனக்கு நானே கேட்டுப் பார்த்தேன். தமிழிலும் பதில் இல்லை! பணம் வேண்டுமா, ஆள் வேண்டுமா, வெறும் அனுமதி போதுமா என்று நான் முடிவே பண்ணியிருக்கவில்லை.

தோழியிடம் முதலில் கேட்டதும் இதைத்தான். “மீட்டிங் முடிஞ்சதும் அந்த பையர் என்ன செய்யணும்? ஒரே வரியில, தமிழ்ல சொல்லு.”

“ஆர்டர் கொடுக்கணும்.”

“முதல் மீட்டிங்லயேவா?”

கொஞ்ச நேரம் யோசித்தாள். “சாம்பிள் யார்டேஜ் கேட்கணும். அப்புறம் எங்க துணியை அவங்க லேபுக்கு டெஸ்ட்டுக்கு அனுப்பச் சம்மதிக்கணும்.”

இது கைக்குள் அடங்குகிற கோரிக்கை. இந்த ஒரு வரி கிடைத்த பிறகுதான் லேப்டாப்பைத் திறக்க வேண்டும். எந்த ஸ்லைடு வேண்டும், எது வேண்டாம் என்பதை அந்த வரியே சொல்லிவிடும். அவளிடம் ஏற்கெனவே 32 ஸ்லைடு இருந்தது. நிறுவனத்தின் வரலாறு, முதலாளியின் படம், தொலைநோக்குப் பார்வை, அவர்கள் ஸ்பான்சர் செய்த கபடிப் போட்டி வரை எல்லாம். சாம்பிள் வாங்கப்போகும் ஒருவருக்கு இதில் எது தேவை என்று பார்த்ததில் ஒன்பதுதான் தேறியது.

கோயம்புத்தூர் இங்கிலீஷ், உலக மேடை

கிராமர் பயத்துக்கு என் மருந்து ஒரு வீடியோ. கோவையைச் சேர்ந்த அருணாசலம் முருகானந்தம் 2012-ல் பெங்களூருவில் நடந்த டெட் நிகழ்ச்சியில் பேசியது. குறைந்த விலை நாப்கின் இயந்திரத்தைக் கண்டுபிடித்தவர். கைத்தறி நெசவாளியின் மகன். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். 2014-ல் டைம் இதழின் செல்வாக்கு மிக்க 100 பேர் பட்டியல், 2016-ல் பத்மஸ்ரீ, 2018-ல் அவர் கதையை வைத்து ‘பேட்மேன்’ இந்திப் படம் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த வீடியோவை மறுபடி ஒரு தடவை போட்டு, அவர் எப்படிப் பேசுகிறார் என்பதை மட்டும் கவனியுங்கள்.

இலக்கணம் பல இடங்களில் தப்பும். காலம் மாறும், ஒருமை பன்மை மாறும். உச்சரிப்பு சுத்தமான கோயம்புத்தூர். அரங்கம் சிரிக்கிறது, அவரைப் பார்த்து அல்ல, அவரோடு சேர்ந்து. காரணம், அவர் சொல்வதில் ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரிகிற பொருள். மனைவி எதையோ பின்னால் மறைத்துக்கொண்டு போகிறார். நாப்கின் வாங்கினால் வீட்டில் பால் செலவைக் குறைக்க வேண்டி வரும். சோதித்துப் பார்க்கப் பெண்கள் யாரும் முன்வராதபோது, விலங்கு ரத்தத்தை நிரப்பிக் கட்டிக்கொண்டு அவரே நாப்கின் அணிந்து நடக்கிறார். நிலவில் முதலில் கால் வைத்த ஆம்ஸ்ட்ராங் வரிசையில் தன்னையும் சேர்த்துக்கொள்கிறார்!

‘கிராமப்புறப் பெண்களுக்குப் பொருளாதாரக் காரணங்களால் சுகாதாரப் பொருட்கள் எட்டாத நிலை உள்ளது’ என்று தப்பில்லாத இங்கிலீஷில் ஒருவர் சொல்லியிருந்தால் யாருக்கும் நினைவிருக்காது. பால் செலவு நினைவிருக்கிறது.

அதற்காகத் தப்பாகப் பேசுவது ஸ்டைல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர் மாதிரிப் பேசக் கதையும் அவர் மாதிரி இருக்க வேண்டும்; நம்மில் பல பேர் விற்கப்போவது காடா துணி. ஆனால், கேட்பவர் எதை மன்னிப்பார், எதை மன்னிக்க மாட்டார் என்பது அந்த வீடியோவில் தெளிவாகத் தெரிகிறது.

இன்னொரு விஷயம். உங்கள் எதிரில் இருப்பவருக்கு மட்டும் இங்கிலீஷ் தாய்மொழியா என்ன? ஸாரா ஸ்பெயின் நிறுவனத்தின் பிராண்ட். எச் அண்ட் எம் ஸ்வீடன். டெகத்லான் பிரான்ஸ். அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவரும் ராத்திரி கண்ணாடி முன் நின்று பிராக்டிஸ் பண்ணியிருக்கலாம். ஐபிஎம்மில் துணைத் தலைவராக இருந்த ஜான் பால் நெரியேர் என்ற பிரெஞ்சுக்காரர் இதைக் கவனித்தார். ஜப்பானியர்களும் கொரியர்களும் அமெரிக்கர், பிரிட்டிஷாரிடம் பேசுவதைவிடத் தன்னிடம் சுலபமாகப் பேசினார்களாம். இரண்டு பக்கமும் சின்னச் சொற்கள், சின்ன வாக்கியங்கள் என்பதுதான் காரணம். அதற்கு ‘குளோபிஷ்’ என்று பெயர் வைத்து, 1,500 சொற்களில் வியாபாரம் பேசலாம் என்று பட்டியலே போட்டார். சசி தரூர் மாதிரி பேசினால் ஸ்டாக்ஹோமில் இருப்பவருக்குப் பாதி புரியாது.

நல்ல இங்கிலீஷ் இருந்தும் நடந்த விபரீதம்

மொழி சரியாக இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு மிகக் கொடுமையான சாட்சி கொலம்பியா விண்கலம். கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் 2003 பிப்ரவரி 1-ல் உயிரிழந்தார்களே, அதே கொலம்பியா.

ஜனவரி 16-ல் விண்கலம் கிளம்பியபோது, எரிபொருள் டேங்கிலிருந்து ஒரு நுரைத் துண்டு கழன்று இடது இறக்கையில் மோதியது. விண்கலம் மேலே சுற்றிக்கொண்டிருக்கும்போதே, அது ஆபத்தா இல்லையா என்று போயிங் பொறியாளர்கள் நாசா அதிகாரிகளுக்கு ஸ்லைடுகளில் விளக்கினார்கள். அந்த ஸ்லைடுகளில் ஒன்று பிற்பாடு உலகப் புகழ் பெற்றது. தலைப்பைப் பார்த்தால், நிலைமை பரவாயில்லை என்பது போன்ற தொனி. கீழே புள்ளிக்குள் புள்ளி, அதற்குள் இன்னொரு புள்ளி. எல்லாவற்றுக்கும் அடியில், சின்ன எழுத்தில், ஒரு தகவல்: பரிசோதனையில் பயன்படுத்திய துண்டின் அளவு 3 கன அங்குலம், மோதியிருக்கக்கூடியது 1,920 கன அங்குலம். அதாவது 640 மடங்கு பெரியது! கையில் இருந்த பரிசோதனை முடிவுகளை நம்பவே முடியாது என்பதுதான் அதன் பொருள். அந்த வரி அங்கே எல்லோர் கண் முன்னும் இருந்தது.

தகவல் வடிவமைப்பு நிபுணர் எட்வர்ட் டஃப்ட் இந்த ஸ்லைடை வரிவரியாகப் பிரித்துக் காட்டினார். விபத்து விசாரணைக் குழு 2003 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கையிலும் அது இடம்பெற்றது. தொழில்நுட்ப அறிக்கை எழுத வேண்டிய இடத்தில் ஸ்லைடு போட்டுக் காட்டும் பழக்கத்தையே அந்தக் குழு கண்டித்தது. அந்த அறையில் இருந்தவர்களுக்கு இங்கிலீஷ் ஒரு பிரச்சினையே இல்லை. அடுத்த வருடம், 2004-ல், அமேசானின் ஜெஃப் பெசோஸ் தன் மேல்மட்ட மீட்டிங்குகளில் பவர்பாயின்டுக்கே தடை போட்டு, முழு வாக்கியங்களில் எழுதிய குறிப்பைக் கொண்டுவரச் சொன்னார்.

நாம் தடை போட முடியாது. பையர் டெக் கேட்பார். ஆனால் முக்கியமான வரியை மேலே கொண்டுவர முடியும். ஸ்லைடின் தலைப்பில் ‘குவாலிட்டி’ என்று ஒற்றைச் சொல் போடாமல், ‘மூன்று முறை துவைத்த பிறகும் சுருக்கம் 3 சதவீதத்துக்குள்’ என்று முழுச் செய்தியையும் போடுங்கள். அந்தப் பையர் தலைப்புகளை மட்டும் படித்துவிட்டுப் போனாலும் விஷயம் போய்ச் சேர வேண்டும். கை காவாசாகி என்ற முதலீட்டாளர் சொன்ன 10-20-30 கணக்கு கேள்விப்பட்டிருப்பீர்கள்: 10 ஸ்லைடு, 20 நிமிடம், எழுத்து அளவு 30-க்குக் குறையாமல். முதலீடு கேட்பவர்களுக்காகச் சொன்னது அது. வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அந்த 30-ஐ மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். உங்கள் டெக்கைப் பாதி பேர் மொபைலில்தான் பார்ப்பார்கள்.

துணித் தொழிலில் நமக்கு ஒரு வசதியும் உண்டு. நேரில் போனால் ஸ்லைடைவிட ஹேங்கர் பேசும். சாம்பிளைக் கையில் கொடுத்துவிட்டு, அவர் தடவிப் பார்க்கும் அரை நிமிடமும் வாயைத் திறக்காமல் இருங்கள். பயத்தில் நாம் அப்போதுதான் அதிகம் பேசுவோம்.

தமிழில் பேசி, இங்கிலீஷில் உடை

தமிழில் யோசித்து இங்கிலீஷில் பேசக் கூடாது என்று ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புகளில் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. யோசிப்பதைத் தமிழிலேயே யோசியுங்கள். வாக்கியத்தை மட்டும் தமிழ்க் கட்டில் கொண்டுபோகாதீர்கள்.

தமிழில் வினை கடைசியில் வரும். ‘போன மாசம் கோயம்புத்தூர் லேப்ல டெஸ்ட் பண்ணி, சாயம் போகாதுன்னு சர்டிஃபிகேட் வாங்கின துணியைத்தான் உங்களுக்கு அனுப்பறோம்’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவோம். கேட்பவருக்கும் கஷ்டமில்லை. இதை அப்படியே இங்கிலீஷாக்கினால் ‘விச்’, ‘தட்’, ‘விச் வாஸ்’ என்று நடுவழியில் நின்றுவிடுவோம். அந்தத் தடுமாற்றத்துக்குக் காரணம் கிராமர் போதாமை என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அது வாக்கியத்தின் நீளம்.

தோழி செய்தது இது. முதலில் முழு விஷயத்தையும் தமிழில், தன் அண்ணனுக்குச் சொல்வது போல வாய்ஸ் நோட்டாகப் பதிவு செய்தாள். ஆறு நிமிடம் வந்தது. அதைக் கேட்டு, ஒவ்வொரு நீள வாக்கியத்தையும் மூன்றாக உடைத்தாள். ‘வீ டெஸ்டட் திஸ் ஃபேப்ரிக் லாஸ்ட் மன்த். தி கலர் டிட் நாட் ரன். ஹியர் இஸ் தி ரிப்போர்ட்.’ ஒரு ஐந்தாம் வகுப்புப் பிள்ளை எழுதுவது போல இருக்கிறது என்று சங்கடப்பட்டாள். வாயால் சொல்லிப் பார்த்தபோது சங்கடம் போய்விட்டது.

முழுக்க மனப்பாடம் வேண்டாம். என் கதையைத்தான் பார்த்தீர்களே. ஆனால் முதல் இரண்டு வாக்கியத்தையும் கடைசி இரண்டு வாக்கியத்தையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல வேண்டும். படபடப்பு உச்சத்தில் இருப்பது முதல் நிமிடத்தில்தான். அந்த முதல் வாக்கியம் ‘குட் மார்னிங் ஒன் அண்ட் ஆல்’ ஆகவோ, ‘சாரி ஃபார் மை இங்கிலீஷ்’ ஆகவோ இருக்க வேண்டாம். மன்னிப்புக் கேட்டால், அதுவரை கவனிக்காதவரும் தப்பு தேட ஆரம்பிப்பார்.

பழகுவதற்கு இடம் தேடுபவர்கள் கோவையில் உள்ள டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப்புகளில் ஒன்றுக்குப் போய்ப் பார்க்கலாம். 1924-ல் கலிஃபோர்னியாவில் ஆரம்பித்த அமைப்பு இது. பேசும்போது ‘ஆ’, ‘அம்’, ‘ஆக்சுவலி’ எத்தனை முறை வந்தது என்று எண்ணுவதற்கென்றே ஒருவரை உட்கார வைப்பார்கள். நேரம் முடியப்போகிறது என்று பச்சை, மஞ்சள், சிவப்புக் காட்டுவார்கள். முதல் தடவை நம் ‘ஆக்சுவலி’ கணக்கைக் கேட்கும்போது கொஞ்சம் அவமானமாகத்தான் இருக்கும். கல்லூரியில் படிப்பவர்கள், 2022-ல் தொடங்கிய தமிழக அரசின் ‘நான் முதல்வன்’ திட்டத்தில் உள்ள ஆங்கிலப் பயிற்சியைத் தூசி தட்டிப் பாருங்கள். இரண்டும் இல்லையென்றால், மொபைலில் வீடியோ எடுத்து நீங்களே பார்ப்பது. கொடுமை, ஆனால் வேலை செய்யும்.

பணம் போகும் இடம்: 15-ஆ, 50-ஆ?

கிராமரைவிட நூறு மடங்கு ஆபத்தான ஒன்று எண்கள். ‘ஃபிஃப்டீன்’, ‘ஃபிஃப்டி’ இரண்டையும் வேகமாகச் சொல்லிப் பாருங்கள். மோசமான நெட்வொர்க்கில் கேட்கும் ஒரு ஸ்பெயின்காரருக்கு இரண்டும் ஒன்றுதான். ‘ஃபிஃப்டீன், ஒன் ஃபைவ்’ என்று இலக்கத்தைச் சேர்த்துச் சொல்வது தொழில் பழகியவர்களின் வழக்கம். ஸ்லைடிலும் அந்த எண் பெரிதாக இருக்க வேண்டும்.

லட்சம், கோடி நம் வாசலோடு சரி. வெளியே ஒரு லட்சம் என்றால் ‘ஹண்ட்ரட் தவுசண்ட்’, ஒரு கோடி என்றால் ‘டென் மில்லியன்’. மேடையில் நின்றுகொண்டு இதைக் கணக்குப் போட முடியாது. முன்கூட்டியே ஒரு காகிதத்தில் மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க பையர் துணி எடையை அவுன்ஸில் கேட்பார். ஒரு சதுர கெஜத்துக்கு ஒரு அவுன்ஸ் என்றால் சுமார் 34 ஜிஎஸ்எம். நம் 200 ஜிஎஸ்எம் துணி அவருக்குக் கிட்டத்தட்ட 6 அவுன்ஸ். 10,000 கெஜம் என்பது 10,000 மீட்டர் இல்லை, 9,144 மீட்டர்தான். தேதியும் அப்படித்தான். 05/06 என்று எழுதினால் லண்டனில் ஜூன் 5, நியூயார்க்கில் மே 6. ஷிப்மென்ட் தேதியில் ஒரு மாதம் பிசகினால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாதத்தின் பெயரை எழுத்தில் போடுங்கள்.

எண் விஷயத்தில் பல்லடத்துக்கு ஒரு பெருமை உண்டு. கறிக்கோழிக்குப் பண்ணைக் கொள்முதல் விலை எங்கள் ஊரில் இருந்துதான் தினமும் அறிவிக்கப்படுகிறது; கறிக்கோழி ஒருங்கிணைப்புக் குழு சொல்லும் ஒரு கிலோ விலை அது. ஸ்லைடு இல்லை, முன்னுரை இல்லை. ஒரே ஓர் எண். பண்ணைக்காரர் முதல் கறிக்கடைக்காரர் வரை எல்லோருக்கும் அது போதும். அந்த மாதிரி உங்கள் பிரசன்டேஷனில் இருந்து பையர் ஒரே ஓர் எண்ணை எடுத்துக்கொண்டு போவதாக இருந்தால் அது எது என்று தோழியிடம் கேட்டேன். ‘21 நாள்’ என்றாள். சாம்பிள் ஓகே ஆனதிலிருந்து துணி ரெடியாகும் வரை. முதலாளியிடமும் சைசிங் மில்லிலும் கேட்டு உறுதி செய்த எண்.

இதில்தான் வியாழக்கிழமை சிக்கல் வந்தது.

‘பண்ணிடலாங்க’

கொங்கு நாட்டில் ‘இல்லை’ என்று முகத்துக்கு நேரே சொல்வது மரியாதை இல்லை. “நாளைக்குள்ள முடிச்சுத் தர முடியுங்களா?” என்றால், முடியாது என்று தெரிந்தாலும் வாயில் வருவது “பாத்துக்கலாங்க, பண்ணிடலாங்க”. கேட்டவருக்கும் தெரியும், அது ‘முயற்சி பண்றோம்’ என்ற அளவுதான் என்று. அந்த ‘ங்க’வில் அத்தனை அர்த்தமும் இருக்கிறது. இங்கிலீஷில் ‘யெஸ்ங்க சார்’ என்று சொல்கிற ஊர் எங்களுடையது!

ஆனால் ‘பண்ணிடலாங்க’ இங்கிலீஷுக்குப் போகும்போது ‘யெஸ், வீ கேன் டூ’ ஆகிவிடுகிறது. அந்தப் பக்கம் அது வாக்குறுதி. நோட்டில் எழுதிக்கொள்வார்கள். கன்டெய்னரின் இடம், கடையில் துணி தொங்க வேண்டிய வாரம் எல்லாம் அந்த ‘யெஸ்’ஸை நம்பி முடிவாகும். தேதி தவறினால் ஏற்றுமதியாளர் சொந்தச் செலவில் விமானத்தில் அனுப்ப வேண்டி வரலாம், அல்லது விலையில் தள்ளுபடி கொடுக்க வேண்டி வரலாம். கப்பலுக்கும் விமானத்துக்கும் உள்ள செலவு வித்தியாசத்தில் ஒரு சீசன் லாபமே போய்விடும் என்று இந்தத் தொழிலில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்காக நாம் தலையாட்டி ‘யெஸ், யெஸ்’ சொல்வதும் இதே வகை. அவர் அதைச் சம்மதம் என்றுதான் எடுத்துக்கொள்வார். ‘ஐ அண்டர்ஸ்டாண்ட்’ என்று சொல்லிப் பழகுங்கள். அதில் சம்மதம் இல்லை.

தோழியின் மீட்டிங்கில் ஒன்பது ஸ்லைடும் பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்தது. ஒரு இடத்தில் ‘வீவிங்’ என்று சொல்ல வந்து ‘வேவிங்’ என்று கை அசைக்கிற மாதிரி சொல்லிவிட்டாளாம். யாரும் கண்டுகொள்ளவில்லை. கடைசியில் அந்தப் பையர் கேட்டது: “கேன் யூ டூ இட் இன் ஃபோர்டீன் டேஸ்?”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த முதலாளிக்கு ‘ஃபோர்டீன் டேஸ்’ புரிந்துவிட்டது. “பண்ணிடலாம்னு சொல்லும்மா” என்று மெதுவாகச் சொன்னார்.

“எனக்கு இங்கிலீஷ் மறந்து போகல. தமிழே மறந்து போச்சு” என்றாள் என்னிடம். பாவு ஓட்டி, சைசிங் போட்டு, தறியில் ஏற்றி, நெய்து, சாயத்துக்கு அனுப்பி வாங்க 14 நாள் பத்தாது என்பது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

இந்த மாதிரி நொடிக்காக நாங்கள் இரண்டு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தோம். அதில் ஒன்றை அவள் சொன்னாள். “டுவென்டி ஒன் டேஸ் ஐ கேன் ப்ராமிஸ். ஃபோர்டீன், ஐ வில் செக் வித் ப்ரொடக்‌ஷன் அண்ட் மெயில் யூ பை சிக்ஸ் டுமாரோ ஈவினிங்.” எதற்கு வாக்குக் கொடுக்க முடியும், எதைக் கேட்டுச் சொல்ல வேண்டும், எப்போது சொல்வோம். மூன்றும் அதில் இருந்தன. இன்னொரு வாக்கியம், கேள்வியே புரியாவிட்டால் சொல்ல: “லெட் மீ ரிபீட் யுவர் கொஸ்டின்.” நீங்கள் திருப்பிச் சொல்லும்போது தப்பாக இருந்தால் அவரே திருத்திவிடுவார். புரியாமல் பதில் சொல்வதைவிட இது எவ்வளவோ மேல். ‘ஐ ஹேவ் எ டவுட்’ மட்டும் வேண்டாம். நமக்கு அது சந்தேகம் கேட்பது. அவருக்கு, உங்களை நம்பவில்லை என்று கேட்கும்.

மீட்டிங் முடிந்ததும் முதலாளி கொஞ்ச நேரம் பேசவில்லையாம். கூலிக்கு நெசவு செய்த காலத்திலிருந்தே, வந்த வேலையை முடியாது என்று சொல்லிப் பழக்கமில்லாதவர் அவர். டீ வந்த பிறகு, “ஏம்மா, அவங்க வேற ஆளைப் பாத்துக்குவாங்களோ?” என்று மட்டும் கேட்டிருக்கிறார்.

மறுநாள் மாலை 5.40-க்கு அவள் மெயில் அனுப்பினாள். மொத்தமே ஏழு வரி. 14 நாள் முடியாது. நூல் முன்கூட்டியே எடுத்து வைத்தால் 18 நாளில் தரலாம். அதற்கு இந்தத் தேதிக்குள் பதில் வேண்டும். மீட்டிங்கில் பேசிய ஒவ்வொரு எண்ணும் அதில் இருந்தது. பேச்சில் 15-50 குழப்பம் ஏதாவது நடந்திருந்தால் பிடிபடுவது இந்த மெயிலில்தான், ஆகவே அதைத் தள்ளிப் போடாதீர்கள்.

நாலு நாள் கழித்துப் பதில் வந்தது. ஆர்டர் இல்லை. 50 மீட்டர் சாம்பிள் யார்டேஜ் கேட்டிருக்கிறார்கள், கூடவே லேப் டெஸ்ட் படிவமும். அடுத்த செவ்வாய்க்கிழமை இன்னொரு கால். இந்த முறை அவர்களுடைய குவாலிட்டி டீம் வரும்.

தோழி இப்போது தறிச் சத்தம் கேட்காத ஒரு ரூமைத் தேடிக்கொண்டிருக்கிறாள். பல்லடத்தில் அது அவ்வளவு சுலபமில்லை.